அருங்காட்சியகத்தில் டிஜிட்டல் அனுபவம் அமைப்பது எப்படி: புதிதாக வருபவர்களுக்கு

அருங்காட்சியகத்தில் வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே இப்படி ஒரு பொறுப்பு உங்களிடம் வரலாம்: "அடுத்த கண்காட்சிக்கு டிஜிட்டலாக ஏதாவது செய்யுங்கள்." தொடுதிரையா, ஆப்பா, விஆர் (மெய்நிகர் காட்சி) கண்ணாடியா, எதுவும் முடிவாகியிருக்காது. ஆனால் பணம் ஒதுக்கியாகிவிட்டது, திறப்பு விழாவுக்குத் தேதியும் குறித்தாகிவிட்டது. அந்த நிலையில் இருப்பவருக்காகத்தான் இதை எழுதுகிறேன். கணினி நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மக்கள் அருங்காட்சியகத்துக்கு வருவது அங்கே மட்டும் இருக்கும் அசல் பொருளைப் பார்க்கத்தான். திரை எல்லோர் கையிலும் ஏற்கெனவே இருக்கிறது. ஆகவே நீங்கள் எதை அமைத்தாலும் சரி, அதைப் பயன்படுத்தியவர் உடனே தலையை நிமிர்த்திப் பொருளை இன்னொரு முறை பார்க்கிறாரா? என் அளவுகோல் இது ஒன்றுதான். பார்த்தால் உங்கள் வேலை நடந்திருக்கிறது. திரையிலிருந்து நேராக அடுத்த திரைக்குப் போனால், நல்ல பொருளை நீங்களே மறைத்துவிட்டீர்கள்.

விளக்க வசதியாக ஓர் உதாரணத்தைக் கூடவே வைத்துக்கொள்வோம். ஒரு கண்ணாடிப் பேழை. உள்ளே நாற்பது பழங்கால நாணயங்கள், எல்லாம் கையால் அடித்துச் செய்தவை. ஒவ்வொன்றும் விரல்நுனி அகலம்தான். ஒரு பக்கம் மட்டும் தெரிகிறது. ஆண்டு, உலோகம், எடை எழுதிய சிறிய அட்டை பக்கத்தில் இருக்கிறது. மக்கள் வருகிறார்கள், எட்டிப் பார்க்கிறார்கள், நகர்ந்துவிடுகிறார்கள்.

முதல் படி: கூடத்தில் போய் நில்லுங்கள்

எந்த நிறுவனத்தையும் பேச்சுக்கு அழைப்பதற்கு முன் செய்ய வேண்டியது இது. காட்சிக்கூடத்தின் தரைப்படத்தைத் தாளில் வரைந்து நிறைய நகல் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பார்வையாளருக்கு ஒரு தாள். அவர் நடந்த பாதையைக் கோடாக இழுங்கள். நின்ற இடத்தில் ஒரு புள்ளி, பக்கத்தில் எத்தனை நொடி என்ற எண். காதில் விழும் பேச்சை அவர்கள் சொன்னபடியே குறியுங்கள். பெயரோ படமோ வேண்டாம். இன்று குறிப்பெடுக்கிறோம் என்று வாசலில் ஓர் அறிவிப்பு வைத்துவிடுவது முறை.

இது பழைய வழிதான். அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் ராபின்சன் அருங்காட்சியகப் பார்வையாளர்களின் நடத்தையைப் பற்றிய தன் ஆய்வை 1928இல் வெளியிட்டார். 1930களில் ஆர்தர் மெல்டன் அதைத் தொடர்ந்தார். கூடத்துக்குள் நுழைந்ததும் பெரும்பாலானவர்கள் வலப்பக்கம் திரும்புவதை அவர் பதிவு செய்தார். உங்கள் கூடத்தில் எப்படி என்பதை ஒரே நாளில் நீங்களே தெரிந்துகொள்ளலாம். திரையை எங்கே வைப்பது என்ற கேள்விக்குப் பாதி பதில் அதில் கிடைத்துவிடும்.

அப்புறம், காவலர்களிடம் பேசுங்கள். நாள் முழுக்க அங்கே நிற்பவர்கள் அவர்கள்தான். பார்வையாளர்கள் எதைக் கேட்கிறார்கள், எங்கே குழம்புகிறார்கள், எந்தப் பேழையின் கண்ணாடியில் மூக்குத் தடம் படிகிறது என்பதெல்லாம் காப்பாட்சியரைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். நாணயப் பேழை முன்னால் வரும் கேள்விகள் பெரும்பாலும் இப்படி இருக்கும்: இதன் பின்பக்கம் என்ன இருக்கிறது? இது ஏன் வட்டமாக இல்லை? இதை வைத்து அன்றைக்கு என்ன வாங்க முடிந்திருக்கும்? அட்டையில் இருப்பதோ எடையும் உலோகமும். கேள்விக்கும் அட்டைக்கும் நடுவில் இருக்கும் இந்த இடைவெளிதான் நீங்கள் வேலை செய்ய வேண்டிய இடம்.

இரண்டாம் படி: ஒரே வாக்கியம்

பார்வையாளர் எதைக் கண்டுகொள்ள வேண்டும் என்று ஒரு வாக்கியம் எழுதுங்கள். "நாணயவியல் பற்றிய விழிப்புணர்வை ஏற்படுத்துதல்" என்று எழுதினால் அதை வைத்து எதையும் வடிவமைக்க முடியாது. "இந்த நாணயத்தை ஓர் ஆள் சுத்தியலால் அடித்துச் செய்தார் என்பதை அதன் மேல் இருக்கும் தடயத்திலிருந்தே பார்வையாளர் கண்டுபிடிக்க வேண்டும்" என்று எழுதுங்கள். இதில் பொருளும் இருக்கிறது, பார்வையாளர் செய்யும் வேலையும் இருக்கிறது.

கையால் நாணயம் அடிப்பதில் கீழ் அச்சு அசையாமல் பதிந்திருக்கும். அதன் மேல் உலோகத் துண்டை வைத்து, அதற்கு மேல் இன்னோர் அச்சைப் பிடித்து, சுத்தியலால் ஓங்கி அடிப்பார்கள். அடிபட்ட துண்டு ஒழுங்கில்லாமல் விரியும். அச்சு கொஞ்சம் நகர்ந்தால் உருவம் ஓரத்துக்குப் போய்விடும், எழுத்தில் பாதி காணாமல் போகும். வட்டம் ஏன் பிசகியிருக்கிறது என்ற கேள்விக்கு விடை அந்தப் பிசகிலேயே இருக்கிறது. இதைத் தெரிந்துகொண்ட ஒருவர் மற்ற முப்பத்தொன்பது நாணயங்களையும் வேறு கண்ணோடு பார்ப்பார். நமக்கு வேண்டியது அதுதான்.

இந்த வாக்கியத்தில் காப்பாட்சியர், கல்விப் பிரிவு, மென்பொருள் செய்யப்போகிறவர் மூவரும் சம்மதிக்கும்வரை அடுத்த படிக்குப் போக வேண்டாம். பின்னால் வரும் சண்டைகளில் பெரும்பாலானவை இங்கே தீராமல் விட்டவைதான்.

மூன்றாம் படி: கருவியைத் தேர்ந்தெடுப்பது

எளியதிலிருந்து தொடங்குங்கள். ஒரு நல்ல பூதக்கண்ணாடியும் சரியான விளக்கும் போதுமானால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், மீதிப் பணத்தை வேறு பேழைக்குச் செலவழிக்கலாம். இதைச் சொல்லத் தயங்காதீர்கள். கேட்டவர்களுக்கு முதலில் ஏமாற்றமாக இருக்கும், ஆனால் பார்வையாளருக்கு அது நன்மை.

பொருளால் தன்னைத்தானே காட்ட முடியாத ஒன்று இருக்கும்போதுதான் டிஜிட்டலுக்கு வேலை வருகிறது. நாணயத்தில் அப்படி மூன்று இருக்கின்றன: பின்பக்கம், நுண்ணிய மேடு பள்ளம், அது செய்யப்பட்ட விதம். மேடு பள்ளத்தைக் காட்ட அருமையான ஒரு முறை உண்டு. கேமராவை அசையாமல் வைத்து, விளக்கை மட்டும் வெவ்வேறு கோணங்களுக்கு நகர்த்திப் பல படங்கள் எடுக்க வேண்டும். மென்பொருள் அவற்றை இணைத்துவிடும். பிறகு பார்ப்பவர் திரையில் விரலை நகர்த்தினால் வெளிச்சம் நாணயத்தின் மேல் நகரும், தேய்ந்துபோன எழுத்துகூட நிழலில் எழும்பி வரும். ஹெச்பி கணினி நிறுவனத்தின் ஆய்வகத்தில் டாம் மால்ஸ்பெண்டரும் அவருடைய சகாக்களும் 2001இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வளர்ந்த முறை இது. நாணயம், கல்வெட்டு, ஓவியத்தின் மேற்பரப்பு என்று எல்லாவற்றுக்கும் பயன்படுகிறது. இதைப் பேழைக்குப் பக்கத்திலேயே ஒரு சிறிய திரையில் வைத்தால் மக்கள் திரையையும் நாணயத்தையும் மாறி மாறிப் பார்ப்பார்கள்.

ஒலிவழிகாட்டி காதை மட்டும் எடுத்துக்கொள்கிறது, கண்ணைப் பொருளுக்கே விட்டுவிடுகிறது. அதனால்தான் அது இத்தனை காலம் நிலைத்திருக்கிறது. 1952இல் ஆம்ஸ்டர்டாமின் ஸ்டெடெலிக் அருங்காட்சியகம் பார்வையாளர்களுக்கு வானொலிப் பெட்டி போன்ற கருவியைக் கொடுத்து விளக்கவுரையை ஒலிபரப்பியது. எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே உரையைக் கேட்க வேண்டியிருந்ததால் கூட்டமாகவே நகர வேண்டியிருந்தது. இன்றைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஒரு பொருளுக்கு ஒன்றரை நிமிடத்துக்கு மேல் போகாமல், "இடப்பக்க ஓரத்தைப் பாருங்கள்" என்று கண்ணை நடத்திக்கொண்டு போகும் பேச்சு இருந்தால் ஒலியை மிஞ்ச எதுவும் இல்லை என்பது என் கருத்து.

க்யூஆர் கோடு மலிவு, ஆனால் அதைச் சும்மா ஒட்டிவைத்தால் யாரும் தொடமாட்டார்கள். பக்கத்தில் என்ன கிடைக்கும் என்று எழுதுங்கள்: "இந்த நாணயத்தின் பின்பக்கம் பார்க்க." திறக்கும் பக்கம் அந்தப் பொருளுக்கே போக வேண்டும், அருங்காட்சியகத்தின் முகப்புப் பக்கத்துக்கு அல்ல. தடித்த சுவர்களுக்குள் செல்போன் சிக்னல் வருகிறதா என்று கூடத்தின் ஒவ்வொரு மூலையிலும் பாருங்கள். தனியாக ஆப் செய்வதைப் பற்றிப் பேச்சு வந்தால், வாசலில் நின்றுகொண்டு யார் அதை இறக்கிக்கொள்வார்கள் என்று கேளுங்கள். பெரும்பாலான சின்ன அருங்காட்சியகங்களுக்குச் சாதாரண இணையப் பக்கமே போதும்.

கருவியை அருங்காட்சியகமே கையில் கொடுக்கும் வழியும் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் 2011இல் திறந்த மோனா அருங்காட்சியகம் சுவரில் விளக்க அட்டையே வைக்கவில்லை. ஐபாட் டச்சில் செய்த 'ஓ' என்ற கருவியை ஒவ்வொருவருக்கும் கொடுத்தது. பக்கத்தில் இருக்கும் படைப்புகளை அது காட்டும், வேண்டியவர் வேண்டிய அளவு படித்துக்கொள்ளலாம். நியூயார்க்கின் கூப்பர் ஹியூவிட் வடிவமைப்பு அருங்காட்சியகம் 2015இல் ஒரு பேனாவைக் கொடுத்தது. பேனாவின் பின்முனையைப் பொருளின் அட்டையில் வைத்தால் அந்தப் பொருள் பார்வையாளரின் கணக்கில் சேர்ந்தது. நுழைவுச்சீட்டில் இருந்த இணைய முகவரியில் வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ள முடிந்தது. இந்தப் பேனாவில் எனக்குப் பிடித்தது, பொருளைச் சேர்த்துக்கொள்ளத் திரையே தேவைப்படவில்லை என்பது. தொடுவதற்கு ஒரு நொடி, மீதி நேரம் பார்ப்பதற்கு. ஆனால் இரண்டுமே பெரிய வேலை. கருவியைக் கொடுத்து வாங்க, சார்ஜ் போட, துடைக்க, பழுது பார்க்கத் தினமும் ஆள் வேண்டும்.

ஏஆர் எனப்படும் மிகை மெய்ம்மை, பொருளின் மேலேயே ஒன்றைச் சேர்த்துக் காட்டும்போது வேலை செய்கிறது. வாஷிங்டனில் இருக்கும் ஸ்மித்சோனியன் தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் 2015இல் தன் பழைய எலும்புக்கூடு கூடத்துக்கு ஓர் ஆப் வெளியிட்டது. குறிப்பிட்ட எலும்புக்கூடுகளை நோக்கி போனைப் பிடித்தால் சதையும் தோலும் வந்து விலங்கு அசைந்தது. கூடத்தில் எலும்பைப் பார்த்துக்கொண்டேதான் அதைப் பயன்படுத்த வேண்டியிருந்தது. பொருளுக்குச் சம்பந்தமில்லாமல் கூடத்தில் பறக்கும் பொம்மைகளை உலவவிடுவது இதற்கு நேர் எதிர்.

விஆர் வேண்டும் என்று யாராவது சொன்னால் முதலில் ஒரு கணக்குப் போடுங்கள். படம் 6 நிமிடம். மாட்டிவிட, சொல்லிக்கொடுக்க, கழற்ற, துடைக்க இன்னொரு 4 நிமிடம். ஆக ஒருவருக்கு 10 நிமிடம். 4 கண்ணாடிகள் இருந்தால் மணிக்கு 24 பேர். மணிக்கு 200 பேர் வரும் இடத்தில் 176 பேர் வரிசையைப் பார்த்துவிட்டுப் போவார்கள். கூடவே கண்ணாடிக்குள் இருப்பவருக்குப் பேழை தெரியாது. இன்றைக்கு இல்லாத ஒரு கட்டடத்துக்குள் நடத்திக் காட்ட விஆர் மிகவும் நல்லது. நாணயத்துக்கு வேண்டாம்.

செயற்கை நுண்ணறிவு உரையாடி (சாட்பாட்) பற்றியும் கேட்பார்கள். அது தவறாகச் சொன்னாலும் அருங்காட்சியகம் சொன்னதாகத்தான் மக்கள் எடுத்துக்கொள்வார்கள். காப்பாட்சியர் சரிபார்த்த குறிப்புகளுக்குள் மட்டும் பதில் தேடும்படி அமைக்க முடியாவிட்டால் தள்ளிப்போடுங்கள். நியூயார்க்கின் புரூக்ளின் அருங்காட்சியகம் 2015இல் இதே தேவைக்கு மனிதர்களையே வைத்தது. பார்வையாளர் படைப்பின் முன் நின்று செய்தியாகக் கேள்வி அனுப்பினால், கலை தெரிந்த ஊழியர்கள் உடனே பதில் எழுதினார்கள். ஆளே பதில் சொல்வதால் "அதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள்" என்று திருப்பியும் அனுப்ப முடியும்.

நான்காம் படி: படமும் தகவலும்

வேலை அதிகம், வெளியே தெரிவது குறைவு என்று ஒரு பகுதி உண்டென்றால் இதுதான். ஒவ்வொரு பொருளுக்கும் பதிவு எண், சரிபார்த்த விவரம், நல்ல படம், படத்தைப் பயன்படுத்தும் உரிமை யாருக்கு என்ற குறிப்பு ஆகிய நான்கும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். சான் பிரான்சிஸ்கோ நவீனக் கலை அருங்காட்சியகம் 2017இல் ஒரு குறுஞ்செய்திச் சேவை நடத்தியது. "கடல் அனுப்பு" என்பது போல ஒரு சொல்லை அனுப்பினால், அதற்குப் பொருந்தும் ஒரு கலைப்படைப்பின் படம் போனுக்கு வரும். ஆப் கிடையாது, திரை கிடையாது. படைப்புகளுக்கு முன்பே குறிச்சொற்கள் இட்டு வைத்திருந்ததால்தான் அது முடிந்தது.

உயர்தரப் படங்களைப் பெரிதாக்கிக் காட்ட ட்ரிப்பிள் ஐ எஃப் (IIIF) என்ற பொதுத் தரநிலை இருக்கிறது. மென்பொருள் செய்பவரிடம் அதை ஒப்பந்தத்திலேயே கேளுங்கள். நாளைக்கு நிறுவனம் மாறினாலும் படங்கள் உங்களிடம் பயன்படும் வடிவில் இருக்கும்.

எழுதும்போது ஒரு திரைக்கு ஐம்பது சொல்லுக்குள் முடியுங்கள். நின்றுகொண்டு படிப்பவர் அவர், பக்கத்தில் பிள்ளை இழுக்கிறது. முதல் வாக்கியம் கண்ணுக்குத் தெரியும் ஒன்றிலிருந்து தொடங்கட்டும்.

ஐந்தாம் படி: அட்டையில் செய்து பாருங்கள்

நிரல் எழுத ஒரு ரூபாயோ டாலரோ செலவழிக்கும் முன், திரைகளைத் தாளில் வரையுங்கள். ஓர் அட்டைப்பெட்டியைத் திரை வைக்கப்போகும் இடத்தில் நிறுத்தி, அதில் தாளை ஒட்டி, வருகிறவரை விரலால் தொடச் சொல்லுங்கள். அவர் தொட்டதும் நீங்கள் அடுத்த தாளை வையுங்கள். ஐந்தாறு பேர் செய்து பார்த்தாலே பெரிய குறைகள் வெளிவந்துவிடும். குழந்தை, முதியவர், அருங்காட்சியகத்துக்கே முதல் முறை வருபவர் மூவரும் அதில் இருக்கட்டும். அலுவலகத்தில் இருப்பவர்களை வைத்துச் சோதித்தால் பயன் குறைவு, அவர்களுக்கு ஏற்கெனவே விடை தெரியும்.

இதில் கடினமானது வாயை மூடிக்கொண்டு நிற்பதுதான். அவர் தவறான இடத்தைத் தொடும்போது "அங்கே இல்லை, இங்கே" என்று சொல்ல நாக்குத் துடிக்கும். சொல்லாதீர்கள். திறப்பு விழாவுக்குப் பிறகு நீங்கள் அங்கே நிற்கப்போவதில்லை. முடிந்ததும் "பிடித்ததா?" என்று கேட்கவும் வேண்டாம், மரியாதைக்காகப் பிடித்தது என்பார்கள். "இந்த நாணயம் எப்படிச் செய்யப்பட்டது என்று உங்களோடு வந்தவருக்குச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். அவர் பேழையைக் கைகாட்டிச் சொல்கிறாரா, தாளைக் கைகாட்டிச் சொல்கிறாரா என்று கவனியுங்கள். தாளைக் காட்டினால் திருத்தி வரையுங்கள், மறுபடி சோதியுங்கள்.

ஆறாம் படி: உடலும் இடமும்

போஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தின் பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன் 1916இல் அருங்காட்சியகச் சோர்வு பற்றி எழுதினார். ஒருவர் குனிந்தும் குந்தியும் எட்டியும் காட்சிப்பேழைகளைப் பார்க்கப் படும் பாட்டைப் படமெடுத்தே காட்டினார். நாம் இப்போது அந்தப் பாட்டில் திரையையும் சேர்க்கிறோம். எனவே அளவுகளைக் கவனியுங்கள்.

அமெரிக்க அணுகல் விதிப்படி, முன்னால் தடையில்லாத இடத்தில் கைபடும் பகுதி தரையிலிருந்து 38 செ.மீ.க்கும் 122 செ.மீ.க்கும் இடையில் இருக்க வேண்டும். வேறெந்த நாட்டிலும் இது நல்ல தொடக்க அளவு. சக்கர நாற்காலி உள்ளே நுழைய மேசைக்கு அடியில் முழங்கால் இடம் விடுங்கள். வழக்கமான அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 ஒளி மாறுபாடு வேண்டும் என்று டபிள்யூசிஏஜி என்ற உலகளாவிய அணுகல் வழிமுறை சொல்கிறது. நொடிக்கு மூன்று முறைக்கு மேல் எதுவும் மின்னக்கூடாது, வலிப்பு வரும் ஆபத்து இருக்கிறது. பேச்சு இருக்கும் எல்லா வீடியோவுக்கும் சப்டைட்டில் போடுங்கள். பக்கத்துப் பேழைக்கும் கேட்கும் ஒலிபெருக்கியைவிட, காதில் வைத்துக் கேட்கும் கைக்கருவி எல்லோருக்கும் நிம்மதி. போன் இல்லாதவருக்கும் அதே தகவல் கிடைக்க ஒரு வழி இருந்தாக வேண்டும்.

காகிதம், துணி போன்றவை இருக்கும் கூடத்தில் வெளிச்சத்தை வழக்கமாக 50 லக்ஸ் அளவில் வைப்பார்கள். அந்த மங்கலில் பிரகாசமான திரை கண்ணைக் கூச வைத்துவிடும், பொருள் இருட்டில் போய்விடும். திரையின் வெளிச்சத்தை அதே கூடத்தில், விளக்குகள் எரியும்போதே குறையுங்கள். பேழைக் கண்ணாடியில் திரை பிரதிபலிக்கிறதா என்று வெவ்வேறு உயரத்தில் நின்று பாருங்கள்.

ஏழாம் படி: திறந்த மறுநாள்

ஒதுக்கிய பணத்தில் கால் பங்கையாவது பராமரிப்புக்கு ஒதுக்கிவைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. "பழுது" என்று ஒட்டிய இருண்ட திரை எந்தக் கூடத்தையும் கெடுத்துவிடும். காலையில் மின்சாரம் வந்ததும் யாரும் தொடாமலே எல்லாம் தானாகத் தொடங்க வேண்டும். இணையம் போனாலும் ஓட வேண்டும். ஒருவர் பாதியில் விட்டுப் போனால் ஒரு நிமிடத்துக்குள் தொடக்கத்துக்குத் திரும்ப வேண்டும். நிரலின் மூலக் கோப்புகள், கடவுச்சொற்கள், படங்களின் அசல்கள் எல்லாம் அருங்காட்சியகத்தின் கையில் இருக்கும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். அணைத்துப் போடும் வழியை ஒரு பக்கத்தில் அச்சிட்டு, காவலர்களுக்குச் செய்துகாட்டுங்கள்.

திறந்த பிறகு எத்தனை பேர் தொட்டார்கள் என்ற எண் தானாகவே கிடைக்கும். அதை மட்டும் அறிக்கையில் போடாதீர்கள், குழந்தைகள் ஓடிவந்து தட்டியதும் அதில் சேரும். பழைய தரைப்படத் தாளை மறுபடி எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போங்கள். பேழை முன் நிற்கும் நேரம் கூடியிருக்கிறதா? திரையிலிருந்து பேழைக்குக் கண் போகிறதா? காதில் விழும் கேள்விகள் மாறியிருக்கின்றனவா? கேமரா வைத்து முகங்களை அளக்கும் யோசனை வந்தால் மறுத்துவிடுங்கள், தாளும் பென்சிலும் போதும். தேவையில்லாத விவரம் எதையும் பார்வையாளரிடம் கேட்டு வாங்கவும் வேண்டாம்.

திரும்பத் திரும்பத் திருத்தியும் மக்கள் திரையைப் பார்த்துவிட்டு நாணயத்தைப் பார்க்காமலே போகிறார்கள் என்றால் திரையை எடுத்துவிடுங்கள். எடுப்பதற்கு முன்னால், அதற்காக எடுத்த படங்களையும் சரிபார்த்த குறிப்புகளையும் பார்வையாளர் கேட்ட கேள்விகளின் பட்டியலையும் அந்தந்த நாணயத்தின் பதிவு எண்ணோடு சேகரிப்புத் தரவுத்தளத்தில் ஏற்றிவிட வேண்டும்.